கல்யாண வீடியோவில் பின்னால் இருந்த மலை

பள்ளிக்கூடக் கட்டடம்,
நமுனுகுல.
தை முதல் ஞாயிறு.

அன்புள்ள மகள் நிரஞ்சலாவுக்கு அம்மா எழுதுவது. நான், அப்பா, தம்பி சுரேஸ், அவன் பொஞ்சாதி தயானி, நாங்கள் நான்கு பேரும் உயிரோடும் உடம்புக்கு ஒன்றும் இல்லாமலும் இருக்கிறோம், நீயும் மருமகனும் அந்தக் கத்தார் வெயிலில் ஒரு குறையும் இல்லாமல் இருக்கவேண்டும் என்று முருகனை நினைத்துக்கொண்டு இதைத் தொடங்குகிறேன். போனில் பேசினால் நீ அழ ஆரம்பித்துவிடுகிறாய், உன் அழுகையைக் கேட்டதும் நானும் எல்லாரும் சரி, எல்லாரும் சரி என்று சொல்லி வைத்துவிடுகிறேன், கார்த்திகையில் நடந்ததை ஒருநாளும் ஒழுங்காகச் சொல்லவில்லை. உன்னோடு வேலை செய்கிற ஸிஹாமா லீவு முடிந்து திரும்புகிறாள், பதுளையில் அவள் வீட்டுக்கே போய் இந்தக் கடிதத்தையும் பென்டிரைவையும் கையில் கொடுத்துவிடுகிறேன். பென்டிரைவில் தம்பியின் கல்யாண வீடியோ இருக்கிறது. கடிதத்தை முழுதாக வாசித்துவிட்டு அப்புறம் அதைப் போட்டுப் பார், மருமகன் பக்கத்தில் இருக்கிற நேரமாகப் பார்.

ஆவணியில் கல்யாணத்துக்கு உனக்கு லீவு கிடைக்கவில்லை, ஸ்டூடியோக்காரர் கொடுத்த வீடியோவை அனுப்பினபோது, அம்மா இதுல அப்பா எங்க, ரோசாப்பூதான் பறக்குது என்று நீ கேட்டது எனக்கு மனதிலேயே கிடந்தது. அதனால்தான் அவர்கள் எடுத்த படங்களை வெட்டாமல் அப்படியே கேட்டு வாங்கினேன். தாய்மார் கொழுந்து பறிக்கப் போன பிறகு மடுவத்தில் நான் பார்த்துக்கொள்கிற அவர்கள் பிள்ளைகள் ஆடுவதையும் பாடுவதையும் போனில் எடுத்துச் சின்னச் சின்னதாக வெட்டி அனுப்பிப் பழகினவள்தானே நான், இதையும் செய்துவிடலாம் என்று ஒரு தைரியம். போனில் இருந்த ஆப் ஒவ்வொரு படத்தின் மூலையிலும் தன் முத்திரையைக் குத்தியது, தாலி கட்டுகிற கையை அதுதான் மறைத்தது. நீ அனுப்பிய பழைய லெப்டொப்பில் சுரேஸ் இன்னொன்றைப் போட்டுக் கொடுத்தான், அது கடைசிவரை நல்ல பிள்ளையாக இருந்துவிட்டு, சேமிக்கப் போகிற நேரம் காசு கட்டாவிட்டால் படத்துக்குக் குறுக்கே தன் பெயரைப் பெரிதாகப் போடுவேன் என்றது. யாரோ ஒரு பையன் திருட்டுப் பிரதி இருக்கு என்றான், நான் பயந்து பதுளைக்குப் போய்க் கம்ப்யூட்டர் கடை பஸீலிடம் கேட்டேன். அதப் போடாதீங்க அக்கா, படத்தோட லெப்டொப்பும் போயிரும் என்று சொல்லிவிட்டு, இலவசமாகவே கிடைக்கிற ஒன்றை ஏற்றிக் கொடுத்தார். இது பாரமான சாமான், ஒங்க லெப்டொப் மூச்சு வாங்கும், முதல்ல படத்தையெல்லாம் சின்னப் பிரதியா மாத்தி வச்சு அதுல வெட்டிப் பழகுங்க, முடிவுல பெருசு தானா வந்துரும், அசல் படத்துல மட்டும் கை வைக்காதீங்க, அதுக்கு ரெண்டு இடத்துல பிரதி வைங்க என்றார். நீயும் உன் போனில் உள்ளதையெல்லாம் அப்படி வைத்துக்கொள் பிள்ளை, ஒரே இடத்தில் வைக்காதே.

பழகிவிட்டால் கைக்கு வந்துவிடுகிறது. படங்களை ரயில் பெட்டி மாதிரி வரிசையாக வைக்கலாம், ஒரு வரிசைக்கு மேல் இன்னொரு வரிசையும் வைக்கலாம், மேலே உள்ளதைப் பாதிக் கண்ணாடி மாதிரி ஆக்கினால் அடியில் உள்ளதும் சேர்ந்து தெரியும். அதைக் கண்டதும் எனக்கு ஒரு ஆசை வந்தது. உன் கல்யாணமும் நம் வீடு இருந்த அதே லயத்து வாசலில்தான் நடந்தது, நீ மாலையோடு படி இறங்குகிற பழைய படத்தின் மேல், தயானி வலதுகால் வைத்து ஏறுகிற படம் மெல்லக் கரைந்து வரவேண்டும், அப்போது தம்பி கல்யாணத்தில் நீயும் நின்ற மாதிரி இருக்கும் என்று நினைத்தேன். கதவு நிலையை நிலையோடு சேர்த்தேன், ஜன்னலை ஜன்னலோடு சேர்த்தேன், கூரை விளிம்பு கூடப் பிசகில்லாமல் உட்கார்ந்தது. கூரைக்குப் பின்னால் இருந்த மலை மட்டும் உட்காரவில்லை. கரண்டு போஸ்ட் இரண்டாகத் தெரிந்தது, டர்பன்டைன் மரங்கள் இரண்டு வரிசையாக நின்றன, புதிய வரிசை பழையதை விடக் கீழே இறங்கி லயத்துப் பக்கம் சாய்ந்து நின்றது. நான் எங்கேயோ பிழையாகச் சேர்த்துவிட்டேன் என்று கலைத்துவிட்டு வேறு படத்தை எடுத்தேன். அதிலும் அப்படித்தான். நீ சிரித்துக்கொண்டு இறங்குகிறாய், தயானி வெட்கப்பட்டுக்கொண்டு ஏறுகிறாள், உங்கள் இருவர் தலைக்கும் மேலே அந்த மரங்கள் இரண்டிரண்டாக நிற்கின்றன. அப்பாவைக் கூப்பிட்டுக் காட்டினேன். மலை எங்கயும் போகாது, கேமராக்காரன் நின்ன எடம் மாறியிருக்கும் என்று சொல்லிவிட்டு எழும்பிப் போனார். ஆனால் அன்று மாலை பீலியில் தண்ணீர் பிடிக்கப் போனவர் வாளியோடு நெடுநேரம் அங்கேயே நின்றார். தண்ணீர் தேத்தண்ணி நிறத்தில் வந்துகொண்டிருந்தது. குசினிக் கதவும் அந்தக் கிழமையிலிருந்து சாத்துப்படவில்லை, சுரேஸ் அடிப்பக்கத்தைச் சீவினான், இரண்டு நாளில் மறுபடியும் இறுகிவிட்டது.

நான் தோட்டத்துத் தலைவரிடம் சொல்லி, அவர் கிராம சேவகரிடம் சொல்லி, பதுளையிலிருந்து மண்சரிவு பார்க்கிற அதிகாரி ஒருவர் வந்தார். நல்ல மனுசன், சிங்களத்தில் அவர் சொன்னதைச் சுரேஸ் எனக்குச் சொன்னான். படத்த வச்சு முடிவு சொல்ல ஏலாது அம்மா, நிக்கிற எடம் கொஞ்சம் மாறினாலும் மலை மாறின மாதிரிதான் தெரியும், ஒரே எடத்துல அசையாம வச்சு எடுத்தா ஒரு அர்த்தம் இருக்கு, ஆனா மேல போய்ப் பார்த்தேன், தேயிலைக்குள்ள இருக்கிற வெடிப்பு எனக்குப் பிடிக்கல்ல, பெரிய மழை வந்தா யாரும் சொல்லுறவரைக்கும் காத்திருக்காதீங்க என்றாராம். ஐப்பசி மழைக்கு லயமே கிளம்பிப் பள்ளிக்கூடத்தில் வந்து கிடந்தது. ஒன்றும் நடக்கவில்லை. வெயில் அடித்தது, எல்லாரும் திரும்பிப் போனோம், யாரோ விட்டுப் போன அடுப்படியில் இருந்த கோழி களவு போயிருந்தது, அந்தக் கோபமெல்லாம் என் மேல்தான் வந்தது. அக்காவுக்கு லெப்டொப் பைத்தியம் புடிச்சிருச்சு என்று என் காதுபடவே சொன்னார்கள். மடுவத்து ஜன்னலில் செங்கல்லை வைத்துச் சிமெந்து பூசி, போன் அசையாமல் நிற்கிற மாதிரி ஒரு பள்ளம் விட்டேன். அங்கிருந்து பார்த்தால் லயமும் மலையும் நேராகத் தெரியும். பிள்ளைகள் வருவதற்கு முன்னால் தினமும் ஒரு படம் எடுப்பேன், முதல் நாள் படத்தின் மேல் அதைப் போட்டுப் பார்ப்பேன். ஒவ்வொரு நாளும் ஒட்டிப் போட்ட மாதிரி இருக்கும். அப்படி இருப்பதைப் பார்க்கப் பார்க்க, நம் புத்திதான் பிசகிவிட்டதோ என்று எனக்கே பட்டது.

கார்த்திகையில் மழை விடாமல் பிடித்துக்கொண்டது. அன்று காலை படத்தை மேலே போட்டேன், மடுவத்து ஜன்னல் கம்பி கம்பியோடு சேர்ந்திருந்தது, லயம் லயத்தோடு சேர்ந்திருந்தது, போஸ்ட் இரண்டாக நின்றது. ஒரு ராத்திரிக்குள் நகர்ந்திருக்கிறது. தாய்மார் பெரட்டில் பெயர் கொடுத்துவிட்டு மலைக்கு ஏறியாகிவிட்டது, தொட்டிலில் கைப்பிள்ளைகள் தூங்குகின்றன. அப்பாவிடம் ஓடினேன், செங்கல் நகந்திருக்கும் என்றார், ஆனால் முகத்தைத் திருப்பிக்கொண்டுதான் சொன்னார். ஒவ்வொரு ஆளாகப் போய் லெப்டொப்பைத் திறந்து காட்டி விளங்கப்படுத்த நேரமில்லை, காட்டினாலும் நம்பமாட்டார்கள். தயானியைக் கூப்பிட்டேன். கல்யாணம் முடித்து வந்து மூன்று மாதம் ஆன பிள்ளை, ஏன் என்று ஒரு வார்த்தை கேட்கவில்லை, தொட்டிலில் கிடந்த ஒரு கைப்பிள்ளையைச் சேலையால் முதுகில் கட்டிக்கொண்டு, சரிங்க மாமி, எந்தப் பக்கம் போறது என்றாள். மடுவத்துப் பிள்ளைகள் எல்லாரையும் கூட்டிக்கொண்டு, லெப்டொப்பையும் பொலித்தீனில் சுற்றி எடுத்துக்கொண்டு, அந்த மழையில் பள்ளிக்கூடத்துக்கு இறங்கினோம். போகிற வழியில் லயத்துக் கதவுகளைத் தட்டிக்கொண்டே போனேன். கடைசிக் காம்பரா வீட்டு மருதமுத்து பேக்டரியில் ராத்திரி வேலை முடிந்து வந்து படுத்திருந்தான். வாரேன் அக்கா, நீங்க பிள்ளைகள கொண்டு போங்க என்று உள்ளேயிருந்து சொன்னான்.

பிள்ளைகளைக் கேட்காமல் தூக்கிக்கொண்டு போய்விட்டேன் என்று மலைக்குச் செய்தி போனதும் தாய்மார் கொழுந்துக் கூடையோடு இறங்கி வந்தார்கள். நான் வேண்டியதும் அதுதான். கங்காணி பின்னாலேயே வந்து, துரைக்கு யார் பதில் சொல்லுறது என்று கத்தினார். ஒருத்தி என் கையிலிருந்து பிள்ளையைப் பிடுங்கிக்கொண்டாள், திரும்பிப் போவதற்கு வாசல்வரை போனாள், அதற்குள் முன்னால் உள்ள வாகைமரம் தெரியாத அளவுக்கு மழை கொட்டியது, அந்த மழைக்குப் பிள்ளையைக் கொண்டு போக மனமில்லாமல் சுவரோரம் உட்கார்ந்துவிட்டாள். பிள்ளைகள் இங்கே இருந்ததால் ஆம்பிளைகளும் ஒவ்வொருவராகச் சோற்றுப் பானையையும் பாயையும் எடுத்துக்கொண்டு வந்தார்கள். அப்பா மட்டும் வரவில்லை. மத்தியானச் சோறு வெந்துகொண்டிருக்கும்போது சத்தம் கேட்டது. ரோட்டுக்குக் கல் கொட்டுகிற லொறி மாதிரி முதலில், பிறகு அந்த லொறி கொட்டி முடிக்கவே இல்லை. அதற்குப் பிறகு ஒரு வாசம் வந்தது, பச்சை மண்ணும் முறிந்த டர்பன்டைன் மரமும் கலந்து, மருந்து எண்ணெய் மாதிரி. இப்போதும் யாராவது தைலம் பூசினால் நான் எழும்பி வெளியே போய்விடுகிறேன். அப்பா கோயிலடி வளைவில் வந்துகொண்டிருந்தார், தோளில் கேஸ் சிலிண்டர். அவருக்குப் பின்னால் ரோடு சரிந்து போனது. பள்ளிக்கூடத்துக்கு வந்த பிறகும் சிலிண்டரை இறக்கி வைக்கவில்லை, சுரேஸ் விரல் விரலாகப் பிரித்துத்தான் எடுத்தான். லயத்தில் பாதி இல்லை, நம் பக்கம் கூரைவரை சேறு. மடுவம் இருந்த இடத்தில் ஒரு தகரத்தின் முனை தெரிந்தது, அவ்வளவுதான். மறுநாள் தாய்மார் அதைப் போய்ப் பார்த்துவிட்டு, ஒவ்வொருவராக என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார்கள்.

மருதமுத்து வரவில்லை. அவன் ஹாலிஎலைக்குப் போயிருப்பான் என்று ஒருவர் நினைத்தார், பேக்டரியில் இருப்பான் என்று இன்னொருவர் நினைத்தார். அப்பாவும் சுரேசும் ராணுவத்தோடு நின்று தோண்டினார்கள், பாயில் படுத்தபடியே கிடைத்தான். அவன் பொஞ்சாதி கம்சலாவிடம் நான் கதவு தட்டினதையும் அவன் சொன்னதையும் சொன்னேன். அவள் கேட்டது ஒன்றுதான், தூக்கக் கலக்கத்துல சொன்னாரா அக்கா, நல்லா முழிச்சுச் சொன்னாரா என்று. நல்லாத்தான் சொன்னான் என்றேன். பிறகு ஒருநாள் வந்து, அவர் படம் ஒன்றுகூட மிஞ்சல, கல்யாண வீடியோவுல இருக்கிறத மட்டும் எனக்கு எடுத்துத் தாங்க என்றாள். பள்ளிக்கூட மேசையில் லெப்டொப்பை வைத்துத் தேடித் தேடி எடுத்தேன். சோற்றுக் கிடாரம் தூக்கிக்கொண்டு போகிறான், பந்தக்காலைப் பிடித்துக்கொண்டு நிற்கிறான், ஒரு இடத்தில் கேமராவைத் தன் பக்கம் திருப்பி, நிரஞ்சலா, நீ வராத கல்யாணம் ஒரு கல்யாணமா, அடுத்த முறை வந்துரு என்று உன்னிடம் பேசுகிறான். ஸ்டூடியோக்காரர் வேண்டாம் என்று வெட்டிப்போட்ட துண்டு அது. கம்சலா அதை மூன்று தரம் போடச் சொன்னாள். உன் வீடியோவிலும் அது இருக்கிறது, அதனால்தான் முதலில் கடிதத்தை வாசி என்றேன்.

உன் வீடியோவில் மலையைத் தெரியாமல் ஆக்கியிருக்கலாம், ஓரத்தை வெட்டினால் முகங்கள் மட்டும் நிற்கும், பஸீலும் அதற்கு வழி சொல்லித் தந்தார். வெட்டவில்லை. நீ இறங்குகிறதும் தயானி ஏறுகிறதும் நான் முதலில் சேர்த்த மாதிரியே இருக்கிறது. பார்க்கப் பிடிக்காவிட்டால் கண்ணை மூடிக்கொள், அப்பா மாலை எடுத்துக் கொடுக்கிற இடம் அதற்கு அடுத்தாற்போல் வருகிறது, அதை மட்டும் தவறவிடாதே. இனி அந்த லயத்து வீட்டுக்குப் பின்னால் இன்னொரு காம்பரா கட்டுகிற பேச்சை நீயும் மருமகனும் எடுக்கவேண்டாம். அதிகாரி மறுபடி வந்துவிட்டுப் போனார், மேலே பாதி மலை இன்னும் வராமல் நிற்கிறது என்கிறார். மாற்றுக் காணி தருவோம் என்று சொல்லியிருக்கிறார்கள், எங்கே என்று சொல்லவில்லை. தோட்டத்தில் அந்த மலைக்கு அடியிலேயே மறுபடி கொழுந்துக்குப் பெயர் கூப்பிடுகிறார்கள், போகாவிட்டால் நாள் சம்பளம் இல்லை, போகிறார்கள். அவர்கள் ஏறுவதற்கு முன்னால் பள்ளிக்கூட ஜன்னலிலிருந்து நான் ஒரு படம் எடுத்துப் பார்த்துச் சொல்லவேண்டும், கங்காணியே வந்து நிற்கிறார், எப்படி அக்கா இருக்கு, ஏத்தலாமா என்று. நேற்று ஏத்தலாம் என்று சொன்னேன். சொல்லிவிட்டு அவர்கள் திரும்பி வரும்வரை அந்த ஜன்னலை விட்டு நகரவில்லை.

நேரத்துக்குச் சாப்பிடு, மருமகனோடு சண்டை பிடிக்காதே, ஸிஹாமாவின் உம்மாவுக்குச் சுகமில்லையாம், அவளிடம் அன்பாக விசாரி. அப்பாவும் நானும் உங்கள் இருவர் தலையிலும் கை வைத்து ஆசீர்வதிக்கிறோம், நீண்ட ஆயுளோடு இருங்கள். ஒன்று மட்டும் மறந்துவிடாதே, சித்திரைக்கு நீங்கள் வரும்போது த்ரீவீலர்காரனிடம் மேற்கணக்கு லயம் என்று சொல்லாதே, பழைய நினைப்பில் ஏற்றிக்கொண்டு போய்விடுவான். பள்ளிக்கூடத்தடியில் இறங்கு. அதற்கு மேலே ரோடு இல்லை.

இப்படிக்கு,
உன் அம்மா,
அ. ஜெயலெட்சுமி.