ஓமத்தண்ணி போத்தலைத் தேட வேணாம்

மதுஷா அப்பாவுக்கு,

வரிசையில நிக்க ஏலாதுன்னு சொன்னீங்கல்ல? உங்களுக்கு நம்பர் எடுக்க நானே அஞ்சரை பஸ்ஸில பதுளை ஆஸ்பத்திரிக்குப் போறேன். ஏழு மணி பஸ்ஸில நீங்க கட்டாயம் வாங்க. இனி ஒரு சாக்கும் சொல்ல வேணாம்.

நேத்து தேயிலைக் கொழுந்து மூட்டையைத் தூக்கினப்ப நெஞ்சைப் பிடிச்சுக்கிட்டு உக்காந்துட்டீங்க. கேட்டா வாயுவாம்! ஒரு கிழமையா, ஏழு நாளாவா வாயு? ஓமத்தண்ணி ஒரு போத்தல் முடிஞ்சது, தைலம் ரெண்டு முடிஞ்சது. தலகாணி உறையைத் துவைச்சும் தைல வாடை போகல. டொக்டருக்குக் காட்ட எல்லாப் போத்தலையும் என் பையில போட்டுட்டேன். தேடிக்கிட்டு பஸ்ஸை விட்டுடாதீங்க.

ரொட்டி சட்டியில மூடி இருக்கு. சாவியை பக்கத்து சுதர்ஷினி வீட்டுல குடுங்க. அடையாள அட்டையை மறக்காதீங்க.

உங்க சட்டைப் பையில தேசிக்காய் வச்சிருக்கேன். பஸ் ஹாலிஎல வளைவுல திரும்புறப்ப வாந்தி வந்தா அதோட புளிப்பு வாசத்தை மோந்து பாருங்க. ஆமா, இதுவும் கைவைத்தியம்தான். சிரிக்க வேணாம்.

இன்னொண்ணு. உங்க அண்ணனும் வாயுன்னு சொல்லிட்டுத்தான் படுத்தாரு, அப்புறம் எழும்பவே இல்ல. அன்னைக்கு அவருக்கு ஓமத்தண்ணி காய்ச்சிக் குடுத்தது நான்தான்.