மூடுபனியில் நீ கொடுத்த குரல்

அன்புள்ள ஆஷ்லின் கண்ணுக்கு, ஏற்காட்டிலிருந்து அம்மா சாந்தாமேரி எழுதுவது. மாதா புண்ணியத்தில் எனக்கும் அப்பாவுக்கும் சளியைத் தவிர வேறு குறையில்லை, ஷில்லாங் குளிரில் நீயும் வேளைக்குச் சாப்பிட்டுச் சுகமாக இருக்க வேண்டும். ஃபோனில் பேசினால் நீ அழுகிறாய், எனக்குப் பேச்சு வரமாட்டேன் என்கிறது, அதனால்தான் எழுத உட்கார்ந்தேன், நாலாம் வகுப்புக் கையெழுத்து, பொறுத்துப் படி.

உன் அப்பா முப்பது வருடமாக ஒரே எஸ்டேட், நீ ஏழு வருடத்தில் நாலு பேண்டு. சேலத்தில் காலேஜ் பேண்டு, சென்னையில் ஒன்று, பெங்களூரில் ஒன்று, இப்போது ஷில்லாங்கில் இன்னும் பேரே வைக்காத ஒன்று. எனக்குத் தெரியாமல்தான் கேட்கிறேன், அங்கே எதற்குத்தான் சண்டை போடுவீர்கள்? டிரம்ஸ்காரன் எப்போதும் பின்னாலேயே உட்கார்ந்திருக்கிறானே, அவனுக்குக் கோபம் வராதா? நீ பாடிக்கொண்டே கிட்டார் வாசிக்கும்போது கை தப்பினால் வாய் நின்றுவிடுமா? சிரிக்காதே, பதில் எழுது.

இப்போது நடந்ததைச் சொல்கிறேன். போன செவ்வாய்க்கிழமை காப்பிப் பழம் பறிக்கும்போது மூடுபனி, பக்கத்துச் செடிகூடத் தெரியவில்லை. உனக்குத் தெரியும், அப்படிப்பட்ட நாளில் யாரும் தனியாக மாட்டிக்கொள்ளாமல் இருக்க ஒருத்தி குரல் கொடுப்பாள், மற்றவர்கள் பதில் கொடுப்போம், அவள் திரும்பக் கொடுக்காவிட்டால் வேலையை விட்டுத் தேடப் போவோம். அன்றைக்கு நான் கீழே ரோட்டில் மூட்டை ஏற்றிக்கொண்டிருந்தேன். எஸ்டேட் கணக்கு எழுதும் ரைட்டர் ரொனால்ட் ஜீப்பில் புது ஸ்பீக்கர் மாட்டியிருந்தார், என் மகள் பாட்டைப் போடுங்கள் என்று பெருமையாகக் கேட்டேன். பெங்களூர் பேண்டில் நீ பாடியதைப் போட்டார். அந்தப் பாட்டு நம் மூடுபனிக் குரலோடுதானே ஆரம்பிக்கிறது, எனக்கு அது தோன்றவே இல்லை. மேலே பழம் பறித்துக்கொண்டிருந்த அருக்காணி பதில் கொடுத்தாள். நீ எங்கே திரும்பக் கொடுத்தாய், கிட்டாரை உடைக்கிற மாதிரி வாசித்துக்கொண்டிருந்தாய்! மற்ற ஏழு பெண்களும் கூடையைப் போட்டுவிட்டுச் சரிவில் இறங்கி ஓடி வந்தார்கள். ஏனுங்க ரைட்டரே, யாருங்க பள்ளத்துல உழுந்தது என்று அருக்காணி கத்த, நம்ம ஆஷ்லினுங்க என்று இவர் ஸ்பீக்கரைக் காட்ட, அவள் என்னைத் திட்டிய திட்டை எழுத முடியாது. கடைசியில், ஏன்டி சாந்தா, உம்புள்ள நெசமாலுமே காணாமப் போனாப்புலதான் கூப்புடுறா என்றாள். எனக்குச் சிரிப்பு நின்றுவிட்டது.

பெங்களூர் பேண்டுக்காரர்கள், அந்தப் பாட்டு எங்களுடையது, நீ பாடக் கூடாது என்று சொன்னார்கள், இனி பாடவே மாட்டேன், இருபதாம் தேதி மேடையிலும் கிட்டார் மட்டும்தான் என்று நீ சொன்னாயே, அதை அவளிடம் சொன்னேன். அவளுக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்துவிட்டது. பாட்டு அவிங்களுதுன்னா வெச்சுக்கிடட்டும், இந்தக் குரலு எப்புடி அவிங்களுதாகும், அவிங்க என்னைக்குப் பனியில நின்னு பழம் பறிச்சாங்க என்று கேட்டாள். எனக்கும் அதே சந்தேகம்தான், கண்ணு. கூடச் சேர்ந்து போட்ட மெட்டு, வார்த்தை எல்லாம் அவர்களோடு இருக்கட்டும், வேறு கட்டிக்கொள்ளலாம். ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து நாங்கள் எட்டுப் பேரும் பாறைமேல் நின்று குரல் கொடுத்தோம், அருக்காணி மகன் கார்த்தி ஃபோனில் பிடித்து உனக்கு அனுப்பியிருக்கிறான். தேவகுமாரி நடுவில் இருமியிருக்கிறாள், வெட்டிவிடாதே, கோபித்துக்கொள்வாள். அதை வைத்துப் புதிதாக ஒன்று பாடு. அருக்காணி ஒரே ஒரு கண்டிஷன் போட்டிருக்கிறாள், குரல் கொடுத்ததும் கிட்டாரை உடைக்காமல், பதில் வருகிறதா என்று கொஞ்சம் நின்று கேட்டுவிட்டுத்தான் மேலே பாட வேண்டுமாம். ஷில்லாங் ஆட்களுக்கு நம் வழக்கம் தெரியாதே, அவர்கள் பதில் கொடுப்பார்களா, கொடுத்தால் எப்படிக் கொடுப்பார்கள் என்று இங்கே எட்டுப் பேருக்கும் ஒரே யோசனை. இருபதாம் தேதி நின்று கேட்டு எனக்குச் சொல்.

மாதா உன் தொண்டையையும் விரலையும் காப்பாற்றட்டும். மிளகு போட்டு வெந்நீர் குடி, மேடையேறும் முன் ஐஸ்கிரீம் தின்னாதே.

உன்னைச் சீண்டாமல் பொழுது போகாத,
அம்மா சாந்தாமேரி