கோவளத்து வீட்டில் ஒரு கணப்பு

இன்று காலை கோவளம் பஸ் நிறுத்தத்தில் நின்றிருந்தேன். எதிர்ப்பக்கம் லாரியிலிருந்து சவுக்குக் கட்டைகளை இறக்கிக்கொண்டிருந்தார்கள். மழையில் ஊறிய பட்டையின் வாடை சாலையைத் தாண்டி வந்து முகத்தில் பட்டது. மறுகணம் நினைவில் நான் உன் வீட்டுக் கூடத்தில் இருந்தேன். வந்த பஸ்ஸைத் தவறவிட்டேன்.

எத்தனை வருஷம் ஒரே அலுவலக பஸ்ஸில் பக்கத்துப் பக்கத்து இருக்கையில் வந்தோம்! நீ கோத்தகிரிக்காரி. சித்திரை வந்துவிட்டால் ஈரக் கைக்குட்டையைக் கழுத்தில் போட்டுக்கொண்டு இந்த ஊரையே திட்டுவாய். கீமோ முடிந்தபின் எல்லாம் தலைகீழானது. கத்தரி வெயிலில் மின்விசிறியை நிறுத்திவிட்டு, சால்வையைப் போர்த்திக்கொண்டு நடுங்குவாய். "எலும்புக்குள்ள யாரோ ஐஸ் வச்ச மாதிரி இருக்குடி" என்றாய். அதனால்தான் கடலோரத்தில் கட்டிய வீட்டில் உனக்கு ஒரு கணப்பு வேண்டியிருந்தது.

மேஸ்திரிக்குப் புரியவே இல்லை. "இன்னாக்கா, கடலாண்ட வூடு கட்டிக்கினு நெருப்பு கேக்குறீங்க? அவனவன் ஏசிக்கு ஓட்டை போடச் சொல்றான், நீங்க பொகைக்குப் போடச் சொல்றீங்களே!" அன்றைக்கு எல்லோரையும்விட அதிகம் சிரித்தது நீதான்.

எந்த மாதிரி கணப்பு என்பதில்தான் உனக்கும் உன் வீட்டுக்காரருக்கும் தகராறு. சுவரில் செங்கல் வைத்துக் கட்டிய, வாய் திறந்த கணப்பு உனக்கு. நீ பிறந்த வீட்டில் இருந்தது போல. "கட்டை வெடிக்கிற சத்தம் கேக்கணுங்க" என்றாய். அவருக்கு இரும்பில் செய்த, கண்ணாடிக் கதவு வைத்த ஹீட்டர். உள்ளே விறகு எரியும், புகை குழாய் வழியே மொட்டைமாடிக்குப் போய்விடும். "திறந்து கெடந்தா கடல்காத்து புகையைத் திருப்பி வீட்டுக்குள்ள தள்ளும். உன் நுரையீரல் தாங்காது" என்றார். அவர் சொன்னதில் தப்பே இல்லை. அப்புறமும் நீ முரண்டு பிடித்தபோது அவர் குரல் உடைந்துவிட்டது. "எனக்கு நீ இருக்கணும். நெருப்பு கண்ணாடி வழியா தெரிஞ்சாப் போதும்."

நீ தலையாட்டினாய். ஹீட்டர் வந்தது.

முதல் மழைக்காலம் நன்றாகவே போனது. கட்டை எரிந்து கங்கானதும், ஹீட்டருக்குள் காற்று போகும் திருகுக் குமிழை இறுக்கி மூடிவிட்டால் மாலைவரை சூடு நிற்கும் என்று பெருமையாகக் காட்டினாய். இரண்டாம் மழைக்காலத்தில் உனக்குத் தலைவலி தொடங்கியது. மாத்திரையின் வேலை என்றாய். டாக்டரும் மாத்திரையை மாற்றிக் கொடுத்தார். நீ வளர்த்த, உன் காலடியைவிட்டு நகராத சாம்பல் பூனை, ஹீட்டர் பக்கம் படுப்பதை நிறுத்திவிட்டு வாசலில் ஈரத்தில் போய் உட்கார்ந்துகொண்டது. "கதகதப்பு வேணாம்னு சொல்ற பூனையைப் பாத்திருக்கியா?" என்று கேட்டாய்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை உன் கூடத்தில் சாப்பிட்டுப் பேசிக்கொண்டிருந்தபோது எனக்கும் நெற்றிப்பொட்டு தெறித்தது. வயிற்றைப் புரட்டியது. மீன் குழம்பு ஒத்துக்கொள்ளவில்லை என்று நினைத்துக் கிளம்பினேன். கேளம்பாக்கம் வருவதற்குள், பஸ் ஜன்னல் காற்றில், எல்லாம் போய்விட்டது. போனில் சொன்னபோது, "என் கையால சாப்பிட்டா அப்படித்தான்" என்று சிரித்தாய்.

பிறகு அந்தப் புயல் மழை. மின்சாரம் இல்லை. சாரலுக்குப் பயந்து ஜன்னல்களையெல்லாம் சாத்தியிருந்தாய். உன் மருந்து வாங்க அவர் கேளம்பாக்கம் போயிருந்தார். மதியம் என்னைப் போனில் கூப்பிட்டாய். பேச்சு மெதுவாக வந்தது, ஒரு வார்த்தைக்கும் அடுத்ததற்கும் நடுவே இடைவெளி விழுந்தது. "தலை கனமா இருக்குடி. ஆனா குளிரே இல்லை. ரொம்ப நாளைக்கப்புறம் கொஞ்சம்கூடக் குளிரலை. தூங்கி எழுந்து கூப்புடுறேன்."

சாலையெல்லாம் தண்ணீர். அவர் வீடு திரும்ப நேரமாகிவிட்டது. கூடத்தில் புகை இல்லை, வாடை இல்லை. நாற்காலியில் சால்வை நழுவியபடி நீ தூங்குவது போலவே இருந்தாய் என்றார். கன்னம் சிவந்திருந்ததாம். "குணமாகிவிட்டதென்று ஒரு நிமிஷம் சந்தோஷப்பட்டேன்" என்று சொல்லி என் கையைப் பிடித்துக்கொண்டார்.

மேலே ஏறிப் பார்த்தவர்கள் சொன்னார்கள்: குழாயின் வாய் கரியால் அடைபட்டிருந்தது. கூடத்தின் பலகைக் கூரைக்கு மேலே, கண்ணுக்குத் தெரியாத இடத்தில், குழாயின் இணைப்பை உப்புக்காற்று தின்றுவிட்டிருந்தது. கங்கிலிருந்து வந்த விஷவாயு, போக வழியில்லாமல் பல வாரங்களாகக் கொஞ்சம் கொஞ்சமாக உங்கள் கூடத்துக்குள்ளேயே இறங்கிக்கொண்டிருந்திருக்கிறது. உன் கன்னம் சிவந்ததும் அதனால்தானாம்.

அவர் இப்போது கேளம்பாக்கத்தில் ஒரு ஃபிளாட்டில் இருக்கிறார். போன வாரம் பார்க்கப் போனேன். "அவ கேட்ட மாதிரி கட்டியிருந்தா புகையாவது கண்ணுல பட்டிருக்கும். இருமியாவது எழுந்திருப்பா" என்றார். திறந்த கணப்பும் ஆளைக் கொல்லும், அது அவருக்கும் தெரியும். மழை உள்ளே அடித்துத் தரையெல்லாம் ஈரம். ஒரு ஜன்னலைக்கூட அவர் மூடவில்லை.

எனக்கும் ஒன்று ஒட்டிக்கொண்டுவிட்டது. யாராவது போனில் "தூக்கமா வருது, அப்புறம் பேசுறேன்" என்றால் என்னால் வைக்க முடிவதில்லை. முதலில் எழுந்து ஜன்னலைத் திற என்கிறேன். திறந்தாச்சு என்கிறார்கள். வெளியே இருந்து ஒரு சத்தம், ஆட்டோவோ காக்கையோ ஏதோ ஒன்று, என் காதில் விழும்வரை போனைப் பிடித்துக்கொண்டே இருக்கிறேன்.