‘ஷார்ப்’ பாடமும் நான் எழுதிய அறிக்கையும்

மார்ச் 4
மாலை ஆங்கில வகுப்பில் ‘ஷார்ப்’ நடத்தினேன். ஆறு அர்த்தம், வரிசை எண், ஒவ்வொன்றுக்கும் ஒரு வாக்கியம். பலகை நிறைந்தது. எல்லோரும் குனிந்து எழுதினார்கள். பன்னிரண்டு வருடமாக இப்படித்தான். பக்கத்து அறையில் மட்டும் ஒரே சிரிப்பு.

மார்ச் 6
சிரிப்பு, புதுசாக வந்திருக்கும் டீச்சருடைய வகுப்பில். அவள் சேர்ந்து மூன்று மாதம்கூட ஆகவில்லை. என் மாணவி, அந்த நர்ஸ், “மிஸ், நான் அவங்க வகுப்புக்கு மாறிக்கட்டுமா?” என்று என்னிடமே கேட்கிறாள். நேரம் ஒத்துவரவில்லையாம். இரண்டு வகுப்பும் ஆறு மணிக்குத்தான்.

மார்ச் 7
வயிறு எரிகிறது. வேறென்ன எழுத.

மார்ச் 11
வகுப்புகளை நடத்தும் மேடம் கூப்பிட்டார். புதுசை நிரந்தரமாக்குவதா, அனுப்பிவிடுவதா என்று முடிவு செய்யணுமாம். “நீங்கதான் சீனியர். ஒரு வகுப்பு உக்காந்து பாத்து எழுதிக் குடுங்க.” கேட்காமலே கையில் கிடைத்தது.

மார்ச் 12
என் வகுப்புக்கு லீவு சொல்லிவிட்டு, புதுசின் வகுப்பில் கடைசி பெஞ்சில் உட்கார்ந்தேன். அவளும் நடத்தியது ‘ஷார்ப்’தான். சொல்லை மட்டும் பலகையில் எழுதிவிட்டு ஓரமாகப் போய் நின்றுகொண்டாள், பெரிய மகாராணி. சமையல்காரர் தன் கத்தியைச் சொன்னார். வேன் டிரைவர் மலைப்பாதை வளைவைச் சொன்னார், கூடவே மாமியாரின் நாக்கையும். என்னிடமிருந்து மாறிப்போன நர்ஸ், சுருக்கென்று வரும் வலியை நடித்தே காட்டினாள். என் ஆறு அர்த்தத்தில் நான்கு வந்துவிட்டது.

அறிக்கையில் உள்ளதை உள்ளபடி எழுதினேன்: “ஒரு மணி நேரத்தில் ஆசிரியர் பேசியது பத்து நிமிடம். மீதி நேரம் முழுக்க மாணவர்களே பேசினார்கள்.” பொய் ஒன்றும் இல்லையே. இதற்குமேல் யார் அவளை வைத்துக்கொள்வார்கள்?

மார்ச் 13
நிம்மதியாகச் சாப்பிட்டேன்.

மார்ச் 17
மேடம் என் கையைப் பிடித்துக்கொண்டார். “நான் இத்தனை வருஷமா தேடினது இதைத்தான். வாத்தியார் வாயை மூடணும், படிக்கிறவங்க பேசணும். கொஞ்சமும் பொறாமை இல்லாம எழுதியிருக்கீங்க.”

நிரந்தரமாயிடுச்சு. நானே பண்ணேன், என் கையாலேயே. யார்கிட்ட போய் சொல்றது — அவளை அனுப்பத்தான் எழுதினேன்னு?

மார்ச் 18
புதுசு என் மேஜையில் ஒரு பேனா வைத்துவிட்டுப் போனாள். “எல்லாம் உங்களாலதான்க்கா.” ஆமாம். என்னால்தான்.

ஏப்ரல் 2
இன்று என் வகுப்பில் பலகையில் ‘டஃப்’ என்று எழுதினேன். எழுதிவிட்டுச் சும்மா நின்றேன். யாரும் வாய் திறக்கவில்லை. பேசாமல் எழுதுங்கள் என்று நானே சொல்லிச் சொல்லிப் பழக்கியவர்கள். பேனாவைத் திறந்து வைத்துக்கொண்டு என் முகத்தையே பார்த்தார்கள். இரண்டு நிமிடம் போயிருக்கும். முன்வரிசைத் துணிக்கடைக்காரர் மெதுவாக எழுந்தார்.

“மிஸ், உடம்பு முடியலையா? நாங்க வேணா கிளம்பட்டுமா?”