புளியங்கொட்டைக்கு நான் சொன்ன அர்த்தம்

இன்று காலை பத்து மணிக்கு நம் வாட்ஸப் குழுவில் ஒரு கவிதை வந்தது. நீ போய் மூன்று வருஷமாகப் போகிறது. இப்போதெல்லாம் யார் கவிதை அனுப்பினாலும் எனக்கு முதலில் பயம்தான் வருகிறது. நன்றாக இருக்கிறதா இல்லையா என்பதெல்லாம் அப்புறம்.

அனுப்பியவர் குமரேசன் சார். நம் சனிக்கிழமைக் கவிதைக் கூட்டத்தில் ஜன்னலோரம் உட்காருவாரே, தபால் ஆபீஸிலிருந்து ஓய்வு பெற்றவர், மகன் பிரான்சில் இருக்கிறான். நெல்லித்தோப்பு ஜெராக்ஸ் கடை மாடியில்தான் இன்னமும் கூடுகிறோம். கவிதையில் ஒருவர் கடைக்குப் போகிறார், திரும்பிப் பார்த்தால் தெருக்கள் இடம் மாறியிருக்கின்றன. பத்திக்குப் பத்தி ஒரு வரி குறைந்துகொண்டே வந்து, கடைசியில் வெறும் தாள்தான் மிஞ்சுகிறது. ‘வடிவத்தையே அர்த்தமாக்கிவிட்டீர்கள் சார்’ என்று எழுத ஆரம்பித்து, பாதியில் நிறுத்திவிட்டேன்.

நான் எப்படிப்பட்ட ஆள் என்று உனக்குத் தெரியும். கவிதையில் ஒரு காக்கா பறந்தால்கூட அதை வெறும் காக்காவாக விட்டுவைக்க மாட்டேன். உன் கவிதையில் வந்த கடல் என்பது மனசு என்று நான் விளக்கிய அன்றைக்கு, படியிறங்கும்போது நீ சொன்னாய்: “கடல்னா கடல்தான்டி. எங்கப்பா மீன் புடிக்கப் போயிட்டு வர்ற எடம்.” சிரித்தேனே தவிர, ஒப்புக்கொள்ளவில்லை.

கூட்டத்துக்கு விதி போட்டவளும் நான்தான். எழுதியவர் வாய் திறக்கக் கூடாது, மற்றவர்கள் ‘இது உங்களுக்கு நடந்ததா’ என்று கேட்கக் கூடாது. அடிக்கிற புருஷனைப் பற்றி எழுதிய ஒரு பெண்ணை நாமெல்லாம் துருவித் துருவிக் கேட்டதில் அவள் வருவதையே நிறுத்திவிட்டாள். அதனால் வந்த விதி. நல்லதுக்குத்தான் போட்டேன்.

அப்புறம் நீ அந்தக் கவிதையைக் கொண்டுவந்தாய்.

ரவிக்கைக்குள் ஒரு புளியங்கொட்டை.
அவள் யாரிடமும் காட்டவில்லை.
அது வளர்வதைக்
கேட்டுக்கொண்டிருக்கிறாள்.

இருபது நிமிஷம் பேசினேன். புளியங்கொட்டை என்பது பெண்ணுக்குள் அடைபட்ட சொல் என்றேன். ‘நான்’ என்று எழுதாமல் ‘அவள்’ என்று எழுதியதில் எவ்வளவு அழகான விலகல் என்றேன். ‘வளர்வதைக்’ என்று வரி உடைகிற இடத்தில் மூச்சு நிற்கிறது பாருங்கள் என்றுகூடச் சொன்னேன். நீ விதிப்படி வாய் திறக்காமல் டீ கிளாஸையே பார்த்துக்கொண்டிருந்தாய். கீழே வந்து வண்டியை எடுக்கும்போது, “நல்லாத்தான் சொன்ன” என்றாய். பாராட்டு என்று எடுத்துக்கொண்டு வீட்டுக்குப் போய் நிம்மதியாகச் சாப்பிட்டேன்.

அடுத்த அஞ்சாவது மாசம் ஆஸ்பத்திரியில் உன் கட்டிலுக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருந்தேன். மார்பில் கட்டி சின்னதாக இருந்தபோதே வந்திருக்கலாம் என்று டாக்டர் சொல்லிவிட்டுப் போயிருந்தார். நீ கோபமே இல்லாமல் சொன்னாய்: “அன்னிக்கி நீ கேப்பேன்னு நெனச்சேன். நானா சொல்ல வாய் வரல. கேட்டிருந்தா சொல்லியிருப்பேன்.”

கோபப்பட்டிருந்தால்கூடத் தாங்கியிருப்பேன்.

விதியாவது ஒன்றாவது என்று இன்றைக்குக் குமரேசன் சாருக்குப் போன் போட்டேன். தப்பாக நினைப்பாரோ, இவரும் வராமல் போய்விடுவாரோ என்று பயம். கேட்காமல் விட்டால் என்ன ஆகும் என்பது அதைவிடப் பெரிய பயம்.

“சார், அந்தக் கவிதையில வர்றவரு நீங்களா?”

பஸ் ஹாரன் மட்டும் கேட்டது.

“எங்க சார் இருக்கீங்க?”

“அதாம்மா தெரியல. பால் வாங்க வந்தேன். அரை மணி நேரமா இங்கியே நின்னுட்டிருக்கேன். யாரையும் கேக்க வெக்கமா இருக்கு.”

“எதுக்க எதாவது போர்டு இருக்கா சார்? என்ன எழுதியிருக்கோ அத அப்படியே படிங்க.”

எழுத்தெழுத்தாகப் படித்தார். டயர் கடை, ரெட்டியார்பாளையம். அங்கேயே நில்லுங்கள், போனை வைக்காதீர்கள் என்று சொல்லிவிட்டு முத்தியால்பேட்டையிலிருந்து வண்டியை விரட்டினேன். ஹெல்மெட்டுக்குள் செருகியிருந்த போனில் அவர் படித்துக்கொண்டே வந்தார். பல் ஆஸ்பத்திரி. பேன்சி ஸ்டோர். வீடு வாடகைக்கு. ஒவ்வொரு போர்டுக்கும் “ம், சொல்லுங்க சார்” என்றேன். எதற்கும் அர்த்தம் சொல்லவில்லை. அவர் கொஞ்சம் நிறுத்தினாலும் எனக்கு உயிர் போய்ப் போய் வந்தது.

இதை அவர் வீட்டுக் கூடத்தில் உட்கார்ந்துதான் எழுதுகிறேன். சார் உள்ளே தூங்குகிறார். மகனிடம் பேசிவிட்டேன், நாளைக்கு டாக்டரிடம் கூட்டிப் போகிறேன். பயம் இன்னும் இறங்கவில்லை. இனி இறங்கும் என்றும் தோன்றவில்லை, இறங்கவும் வேண்டாம். அந்த இருபது நிமிஷத்தில் இந்தப் பயத்தில் கால்வாசி எனக்கு இருந்திருந்தால், இதையெல்லாம் இப்போது உனக்குப் போனிலேயே சொல்லியிருப்பேன்.