என் தங்கையின் அறிக்கை என் கைக்கு வந்தது குறித்து

அனுப்புநர்:
தங்கள் பிரிவில் பதிவு பெற்ற நான்கு வயதுச் சிறுமியின் தாய்,
அச்சகத்தில் புத்தகம் கட்டுபவர்.

பெறுநர்:
தலைமை மருத்துவர் அவர்கள்,
மரபியல் பிரிவு, அரசு மருத்துவமனை.

பொருள்: எனக்கு உரியதல்லாத குரோமோசோம் அறிக்கை என்னிடம் தரப்பட்டது – திரும்பப் பெற்றுக்கொள்ளக் கோருதல்.

மதிப்புக்குரிய மருத்துவர் அம்மா அவர்களுக்கு,

1. கடந்த வெள்ளிக்கிழமை, என் மகளைச் சிறப்புப் பள்ளியில் சேர்ப்பதற்காக அவளுடைய அறிக்கையின் நகலை வாங்க வந்தேன். எங்கள் குடும்பத்தின் தாள்கள் எல்லாம் என் தந்தையின் பெயரில் ஒரே கோப்பில் இருப்பதால், தங்கள் எழுத்தர் நகலோடு இன்னோர் உறையையும் சேர்த்துக் கொடுத்துவிட்டார். அது ஐந்து மாதமாக யாரும் வாங்காமல் கிடந்த என் தங்கையின் அறிக்கை. கொடுத்தது தங்கள் அலுவலகத்தின் தவறு. பேருந்து நிறுத்தத்தில் நின்று பிரித்தது என் தவறு.

2. என் மகளுக்கு டவுன் சிண்ட்ரோம். என் தந்தையின் இருபத்தொன்றாம் குரோமோசோம் ஒன்று பதினான்காவதோடு ஒட்டியிருக்கிறது, எதுவும் குறையாததால் அவருக்கு ஒரு கேடும் இல்லை, அதுவே எனக்கும் வந்திருக்கிறது, என் மகளுக்கு மட்டும் கூடுதலாகப் போய்விட்டது என்று தங்கள் ஆலோசகர் பொறுமையாக விளக்கினார். ஒரு பிள்ளைக்கு வரலாம், கூடப் பிறந்ததற்கு வராமலும் போகலாம் என்றார். எனக்குப் புரிந்தது. என் வீட்டில் யாருக்கும் புரியவில்லை.

3. என் தாயார், "அப்பாகிட்ட இருந்து வந்ததுன்னா ரெண்டு பொண்ணுக்கும் வந்திருக்கணுமே. நீ மாசமா இருக்கும்போது அந்த அச்சு மை நாத்தத்துல நின்னதுதான் காரணம்" என்று சொல்லிக்கொண்டே இருந்தார். தங்களிடம் சோதனைக்கு ரத்தம் கொடுத்திருந்த தங்கை ஒருநாள் மாலை வந்தாள். "எனக்கும் அது இருக்காம், அம்மா. டாக்டர் போன்ல சொல்லிட்டாங்க" என்றாள். அம்மா அழுதார். அதன் பிறகு மையைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை.

4. அந்த உறையில் இருப்பது குரோமோசோம் நாற்பத்தாறு, எதுவும் ஒட்டவில்லை, எல்லாம் சரியாக உள்ளன என்பதே. மேலே 'முடிவு போனில் தெரிவிக்கப்பட்டது' என்ற குறிப்பும், அவள் வீட்டுக்கு வந்த அதே நாளின் தேதியும் உள்ளன. தெரிந்தேதான் பொய் சொல்லியிருக்கிறாள்.

5. எனக்குப் பொறாமை. மனுவில் எழுதத் தக்க வேறு சொல் கிடைக்கவில்லை. அப்பாவின் சுருட்டை முடி அவளுக்கு, குரல் அவளுக்கு, சிரித்தால் விழும் கன்னக்குழியும் அவளுக்கு. இது மட்டுமாவது இருவருக்கும் பொது என்று நினைத்து ஐந்து மாதம் மனதைத் தேற்றிக்கொண்டிருந்தேன். இப்போது அவளுக்கு எட்டாம் மாதம். எல்லாம் தெரிந்தும் துணிந்து பெற்றுக்கொள்கிறாளே என்று வீடே அவளை உள்ளங்கையில் வைத்துத் தாங்குகிறது. என் எட்டாம் மாதத்தில் நான் காகிதம் வெட்டும் இயந்திரத்தின் முன்னால் நின்றுகொண்டிருந்தேன்.

6. அறிக்கையை அம்மாவின் முன்னால் போட்டுவிட வேண்டும் என்று மூன்று நாள் சாப்பாட்டுப் பையில் வைத்துக்கொண்டு அலைந்தேன். மூன்றாம் நாள் அம்மா வீட்டுக்குப் போனபோது அவர் என் மகளுக்குத் தலைவாரி, பக்கத்து வீட்டுக்கு அழைத்துப்போய்க் காட்டிக்கொண்டிருந்தார். முன்பெல்லாம் யாராவது வந்தால் அவளை உள்ளறைக்கு அனுப்பிவிடுவார். தங்கை எதற்காக அப்படிச் சொன்னாள் என்பது எனக்கு அப்போதுதான் உறைத்தது. பையைத் திறக்காமல் திரும்பிவிட்டேன்.

7. அப்பாவின் அந்தக் குரோமோசோம் எனக்கு வராமல் அவளுக்கு வந்திருந்தால், மூத்தவளான நான் அந்தப் பொய்யைச் சொல்லியிருப்பேனா? சத்தியமாகத் தெரியவில்லை. இதிலும் அவளே முந்திக்கொண்டாள் என்றுதான் வயிறு எரிகிறது.

எனவே, இத்துடன் இணைத்துள்ள உறையைத் திரும்பப் பெற்றுக்கொண்டு, என் தங்கை நேரில் வந்தாலன்றி வேறு யாரிடமும் கொடுக்க வேண்டாம் என்றும், தபாலில் எங்கள் வீட்டுக்கு அனுப்ப வேண்டாம் என்றும், நான் பார்த்த செய்தி அவளுக்குத் தெரிய வேண்டாம் என்றும் பணிந்து கேட்டுக்கொள்கிறேன். எழுத்தர் மீது நடவடிக்கை எதுவும் வேண்டாம். அடுத்த மாதம் பிரசவ அறைக்கு வெளியே என் தாயாரின் கையைப் பிடித்துக்கொண்டு, அவரைப் போலவே நானும் பயந்து நிற்க வேண்டியிருக்கிறது. அதற்கு இந்தத் தாள் என்னிடம் இருக்கக் கூடாது.

இப்படிக்கு,
அவளுடைய அக்கா
(கையொப்பம்)

இடம்: தங்கள் பிரிவின் வரவேற்பறை
நாள்: 9ஆம் தேதி, செவ்வாய்க்கிழமை
இணைப்பு: உறை ஒன்று