லிட்மஸ் தாளும் பாசிச்சாயத் தாளும்

மதினி,

மௌத்தாகி மண்ணுக்குள் போனவர்களைப் பற்றிக் குறை பேசக் கூடாது என்பார்கள். சரி, நான் யாரிடமும் பேசவில்லை. உங்களிடமே சொல்கிறேன். அதற்குத் தடை இருப்பதாக எந்த மௌலவியும் சொல்லி நான் கேட்டதில்லை.

இன்று காலை உங்கள் அலுமாரியைத் திறந்தேன். என் புருசன், உங்கள் தம்பி, அதை எங்கள் வீட்டு நடு அறையில் கொண்டுவந்து வைத்த நாளிலிருந்து நான் அதன் பக்கம் போனதில்லை. மின்ஹாவின் உடுப்புகளை வைக்க இடம் போதாமல்தான் திறந்தேன். நப்தலீன் உருண்டையின் வாசம் முகத்தில் அடித்தது. சேலைக்குள், புத்தகத்துக்குள், சப்பாத்துக்குள் என்று கண்ட இடமெல்லாம் அந்த உருண்டையைப் போட்டு வைத்த மனுசி இந்தக் கற்பிட்டியில் நீங்கள் ஒருவர்தான். மடித்த சேலை ஒன்றை உருவியபோது ஒரு சின்னப் பிளாஸ்டிக் பெட்டி தரையில் விழுந்து திறந்துகொண்டது. உள்ளே நீலமும் சிவப்புமாக மெல்லிய கடதாசித் துண்டுகள்.

மின்ஹா ஓடிவந்து பொறுக்கினாள். "உம்மா, இது என்னது?"

பதில் சொன்னேன். சொல்லி முடித்த பிறகு எனக்கே பற்றிக்கொண்டு வந்தது. அந்த எரிச்சலோடுதான் எழுத உட்கார்ந்திருக்கிறேன்.

நீங்கள் போனபின் உங்கள் பேரில் கத்தம் ஓதிய அன்று வந்த பெண்கள் எல்லாரும் ஒரே பாட்டுத்தான் பாடினார்கள். "எவ்வளவு பொறுமையான மனிசி. எல்லாரோடயும் அனுசரிச்சுப் போவா." நான் குசினியில் கோப்பை கழுவிக்கொண்டிருந்தேன். அனுசரித்தாவா? என் வீட்டு மேசையில், என் கதிரையில் உட்கார்ந்துகொண்டு, என் பிள்ளைகளுக்கு எந்தப் புத்தகம் என்று எனக்கே சட்டம் போட்டவர் நீங்கள். அன்றைக்கு வாயைத் திறந்திருந்தால் ஊர் என்னைத்தான் பேசியிருக்கும். புருசனின் ராத்தாவைப் பற்றி அவள் செத்த வீட்டிலேயே கதைத்தவள் என்ற பெயர் எனக்கு வேண்டாம் என்று விட்டுவிட்டேன்.

நோய்க்காலத்தில் பள்ளிக்கூடங்களைப் பூட்டினார்கள். திறந்த கையோடு பெற்றோல், டீசல் தட்டுப்பாடு வந்தது. பஸ் இல்லை, புத்தளத்திலிருந்து வரவேண்டிய ஆசிரியர்கள் இல்லை, வகுப்பில் பாதிப் பிள்ளைகள் இல்லை. அப்போதுதான் ஒருநாள் உங்கள் ஒரே மகள் நுஸ்ஹாவைக் கையில் பிடித்துக்கொண்டு வந்து நின்றீர்கள். "இனி இத பாத்துக்கிட்டு இரிக்க ஏலா. நம்ம புள்ளைகள நாமளே வீட்டுல வச்சுப் படிப்பிப்பம்." உங்கள் புருசன் கட்டார் நாட்டில் வேலையில். உங்களுக்கும் வீட்டில் தனிமை. நான் ஓம் என்றேன். நுஸ்ஹா பெரிய வகுப்பு, என் மகன் அர்ஷாத் நடு வகுப்பு, மின்ஹா அப்போதுதான் எழுத்துக் கூட்டுகிறாள். மூன்று பேருக்கும் ஒரே மேசை. கணக்கு என் பொறுப்பு. தமிழும் ஆங்கிலமும் பாதிப் பாதி. விஞ்ஞானத்தில்தான் தீப்பிடித்தது.

என்னிடம் இலங்கை அரசாங்கத்தின் பாடநூல்கள் இருந்தன. நீங்கள் அட்டையைத் திருப்பிப் பார்த்துவிட்டு, "இந்தக் கடதாசில கருவாடு சுத்தலாம்" என்றீர்கள். அடுத்த மாதம், சென்னைக்குப் போய்த் துணி எடுத்து வந்து விற்கும் உங்கள் சிநேகிதியின் பெட்டியில், சேலைகளோடு சேர்ந்து உங்கள் புத்தகங்கள் வந்து இறங்கின. பளபளவென்று அட்டை, பக்கத்துக்குப் பக்கம் நிறப் படம், வகுப்புக்கு ஒரு புத்தகம். மேலே 'அறிவியல்' என்று எழுதியிருந்தது. கூடவே இந்தக் கடதாசிப் பெட்டியும். பிள்ளைகள் தலையோடு தலை முட்டிக்கொண்டு புரட்டினார்கள். நான் என்ன சொன்னாலும் அந்தப் பளபளப்பின் முன்னால் எடுபடவில்லை.

அதன் பலனை நான்தான் அனுபவித்தேன். புத்தளத்துக்குப் போகும் வழியில் பாலாவியில் உப்புக் குவியல்களைக் கண்டு மின்ஹா, "உம்மா, அது என்ன வெள்ளையா?" என்று கேட்டாள். உப்பு என்றேன். "பொய் சொல்லாதீங்க. உப்பு தூத்துக்குடியிலதானே வெளயிது. மாமிட புத்தகத்துல இரிக்கி" என்று பஸ் முழுக்கக் கேட்கும்படி சொன்னாள். முன் கதிரையில் இருந்த உப்பளத்து மனிதர் திரும்பிப் பார்த்துச் சிரித்தார். வீட்டுக்கு வந்து உங்களிடம் சொன்னேன். நீங்களும் சிரித்தீர்கள். "நேரே கடலைக் கடந்தா தூத்துக்குடிதானே. அந்த உப்பும் இந்த உப்பும் ஒரே தண்ணிதான்." எதைச் சொன்னாலும் இப்படி ஒரு பதில் வைத்திருப்பீர்கள். எனக்கு அப்போதே கையில் இருந்த அகப்பையால் மேசையில் ஓங்கிப் போட வேண்டும் போலிருந்தது.

படிப்பிக்கும் முறையிலும் சண்டைதான். ஒரு பாடத்தை எடுத்தால் மூன்று பேருக்கும் சேர்த்து நடத்துவோம், பெரியவளுக்குக் கொஞ்சம் கூட்டியும் சின்னவளுக்குக் குறைத்தும் சொல்வோம் என்றேன். "ஒரு சட்டியில கறி வச்சா வீட்டுல எல்லாருக்கும் அதுதானே மதினி. உறைப்பக் கூட்டிக் குறைச்சா சரி."

"அப்ப கைக்குழந்தைக்கு நண்டுக் கறி குடுப்பீங்களா?"

இப்படிக் கேட்டுவிட்டு உங்கள் வழிக்கே போனீர்கள். நீங்கள் காலை முழுக்க ஒவ்வொரு பிள்ளையின் பக்கத்திலும் கதிரையை இழுத்துப் போட்டு, அவரவர் புத்தகத்தை அவரவருக்கு நடத்தினீர்கள். மின்ஹா இலையின் படம் கீறுவாள். அர்ஷாத் இலையைப் பிய்த்து நரம்பு எண்ணுவான். நுஸ்ஹா அதே இலை வெயிலில் என்ன செய்கிறது என்று எழுதுவாள். மூன்று தரம் தொண்டை வறளக் கத்திவிட்டு மத்தியானம் சோற்றைப் பிசையக்கூடத் தெம்பில்லாமல் இருப்பீர்கள். சொன்னால் கேட்கவா போகிறீர்கள்?

இந்தக் கடதாசிகளை முதல் தரம் எடுத்த நாள் நினைவிருக்கிறதா? புளித் தேசிக்காய்ச் சாறு, நுரைத்த சவர்க்காரத் தண்ணீர், கடற்கரைக் களப்புத் தண்ணீர் என்று கோப்பை கோப்பையாக மேசையில் வைத்தீர்கள். சவர்க்காரத் தண்ணீரைக் காட்டி "இது காரம்" என்றீர்கள். தொலைக்காட்சியில் இந்திய நாடகம் பார்த்துப் பார்த்துக் காரம் என்றால் உறைப்பு என்று தெரிந்து வைத்திருந்த மின்ஹா, யாரும் பார்க்காத நேரம் விரலைத் தோய்த்து நக்கிவிட்டு, "இது உறைக்கவே இல்ல" என்று துப்பினாள். எனக்கு நல்ல வாய்ப்பு. "நம்மட புத்தகத்துல அதுக்கு மூலம் எண்டு பேர். அத நீங்க படிப்பிச்சிருந்தா புள்ள நக்கியிருக்க மாட்டா."

நீங்கள் விழுந்து விழுந்து சிரித்தீர்கள். "மூலமா? அதுக்கு ஆஸ்பத்திரியிலதான் மருந்து எடுக்கணும்!"

பிள்ளைகளும் சிரித்தார்கள். என்னைத் தவிர எல்லாரும் சிரித்தார்கள்.

எனக்கு அது சிரிப்பான விசயம் இல்லை. நுஸ்ஹா பதினோராம் வகுப்போடு வரும் சாதாரண தரப் பரீட்சையைத் தனிப்பட்ட பரீட்சார்த்தியாக எழுத வேண்டியவள். விஞ்ஞானத்தில் நல்ல பெறுபேறு வந்தால்தான் அவள் ஆசைப்பட்ட உயிரியல் பிரிவில் உயர்தரம் படிக்கலாம். அவளோ ஆக்சிஜன் என்கிறாள், ஒளிச்சேர்க்கை என்கிறாள், லிட்மஸ் என்கிறாள். இங்கே ஒட்சிசன், ஒளித்தொகுப்பு, பாசிச்சாயத் தாள். விடைத்தாளைத் திருத்துகிறவர் சென்னையில் இல்லை என்று நான் தலைதலையாக அடித்துக்கொண்டேன்.

அன்றைக்கு நீங்கள் சொன்னதை நான் மறக்கவில்லை, மறக்கவும் மாட்டேன். "சொல்லு சட்ட மாதிரி. விளங்கினதுதான் உடம்பு. சட்டைய எப்பவும் மாத்திப் போடலாம். கடைசி மூணு மாசத்துல மாத்திக்குவம். அந்த மூணு மாசத்துக்கு நான் பொறுப்பு."

அந்த மூன்று மாதம் தொடங்க முன்பே டெங்கு உங்களைக் கொண்டுபோய்விட்டது. ஒரு கிழமை, ஏழே நாள்தான். ஆஸ்பத்திரியில் உங்கள் கட்டில் பக்கத்தில் நான் நின்றேன். உதடெல்லாம் காய்ந்திருந்தது. கிட்ட வரச்சொல்லிக் கையைக் காட்டினீர்கள். என் மகளைப் பார்த்துக்கொள் என்று சொல்லப்போகிறீர்கள் என்று நினைத்துக் குனிந்தேன். "அர்ஷாதுக்கு மூணாவது புத்தகம் தொடங்காதீங்க. ரெண்டாவது இன்னும் முடியல்ல" என்றீர்கள். அவ்வளவுதான் உங்கள் கடைசிச் சொல், உங்கள் வஸிய்யத்து. என்ன மனுசி ஐயா நீங்கள்!

நுஸ்ஹா எங்கள் வீட்டுக்கு வந்தாள். உங்கள் மூன்று மாதம் என் தலையில் விழுந்தது. இடது பக்கம் உங்கள் புத்தகம், வலது பக்கம் என் புத்தகம் என்று விரித்து வைத்துக்கொண்டு சொல்லுக்குச் சொல் மாற்ற உட்கார்ந்தேன். பிள்ளை முரண்டு பிடித்தாள்.

"ஒட்சிசன் எண்டு எழுது மகள்."

"உம்மா ஆக்சிஜன் எண்டுதானே சொல்லித் தந்தா."

"அது வேற நாட்டுப் புத்தகம். இங்க இப்படித்தான்."

"உம்மா சொன்னது பிழையா மாமி?"

அந்தக் கேள்விக்கு நான் என்ன சொல்ல? பிழை இல்லை என்றால் எழுத மாட்டாள். பிழை என்றால் நெஞ்சு உடைந்துபோவாள். ஒவ்வொரு நாளும், ஒவ்வொரு சொல்லுக்கும், இதே கதை. உங்களை அவளிடமிருந்து கொஞ்சம் கொஞ்சமாக அழிக்கும் வேலையை எனக்குத் தந்துவிட்டுப் போயிருக்கிறீர்கள். ஒருநாள் பொறுமை கெட்டு, "பேப்பர் திருத்தப் போறது உம்மா இல்ல" என்று கத்தினேன். அவள் அழவில்லை. அதற்குப் பிறகு எதிர்த்தும் பேசவில்லை. சொன்னதை எல்லாம் எழுதினாள், அரசாங்கப் புத்தகத்தில் உள்ளபடி, ஒரு சொல் பிசகாமல்.

விஞ்ஞானப் பரீட்சையன்று மண்டப வாசலில் காத்து நின்றேன். வெளியே வந்தவளிடம் எப்படி என்று கேட்டேன். "லேசுதான் மாமி" என்றாள். பஸ்ஸுக்கு நடக்கும்போது தானாகச் சொன்னாள்.

"ரெண்டு திரவம் தந்தா எது அமிலம், எது மற்றது எண்டு எப்படிக் கண்டுபிடிப்ப எண்டு ஒரு கேள்வி வந்திச்சி."

"என்ன எழுதின?"

"பாசிச்சாயத் தாள் எண்டு எழுதின. மூலம் எண்டும் எழுதின."

"மாஷா அல்லாஹ்" என்றேன். உண்மையிலேயே சந்தோசப்பட்டேன். அவள் நடையை நிறுத்தினாள். "எழுதக்குள்ள, உம்மாட கைய உட்டுட்டு நான் மட்டும் பஸ்ஸுல ஏறின மாதிரி இருந்திச்சி மாமி."

மதினி, சொல் சட்டை என்றீர்களே, அது பொய். எல்லாவற்றுக்கும் பதில் வைத்திருந்த உங்களுக்கு இது தெரியாமல் போயிருக்கிறது. அந்தப் பிள்ளை சட்டையைக் கழற்றியபோது தோலும் சேர்ந்து வந்தது. நான்தான் பக்கத்தில் நின்று கழற்றினேன். நான்தான் பார்த்தேன். நீங்கள் மண்ணுக்குள் நிம்மதியாகப் படுத்திருக்கிறீர்கள்.

பெறுபேறு வந்தது. ஏ வரும் என்று நினைத்த இடத்தில் பி. எந்தச் சொல்லுக்குக் குறைந்தது என்று யாருக்குத் தெரியும்? நான் உங்கள் கணக்கில்தான் எழுதி வைத்திருக்கிறேன். ஆனாலும் உயிரியல் கிடைத்துவிட்டது. இப்போது வெள்ளைச் சீருடை போட்டுப் புத்தளத்துக்குப் போய் வருகிறாள். மேசையில் மற்ற இரண்டு பேரும் இன்னும் இருக்கிறார்கள். இவர்களுக்கு எந்தப் புத்தகம் என்று அயலில் கேட்கிறார்கள், உங்கள் தம்பியும் கேட்கிறார். அரசாங்கப் புத்தகம்தான், வேறென்ன என்று அடித்துச் சொல்லிக்கொண்டிருந்தேன், இன்று காலை வரைக்கும்.

மின்ஹா அந்தத் துண்டைக் காட்டி "இது என்னது" என்று கேட்டாள் அல்லவா? "லிட்மஸ் தாள்" என்றேன்.

யோசிக்காமல் சொன்னேன். எத்தனை மாதம் அந்தப் பிள்ளையோடு மல்லுக்கட்டினேன், பாசிச்சாயம், பாசிச்சாயம் என்று. என் வாயில் முதலில் வந்தது உங்கள் சொல். சீருடைக்கு இஸ்திரி போட்டுக்கொண்டிருந்த நுஸ்ஹா திரும்பிப் பார்த்தாள். "மாமி, பரீட்சையில அப்படி எழுதினா பிழை" என்றாள், என் குரலிலேயே. பிறகு மின்ஹாவைப் பக்கத்தில் கூப்பிட்டு, கோப்பையில் தேசிக்காய் பிழிந்து, அவளுக்கு ஏற்ற மாதிரி, அவளுக்கு மட்டும் சொல்லிக் கொடுக்கத் தொடங்கினாள். கதிரையை இழுத்துப் போட்ட விதம்கூட உங்களுடையதுதான்.

ஆகவே, பரீட்சை முடிந்ததும் நுஸ்ஹா அலுமாரிக்குள் வைத்துவிட்ட உங்கள் பளபளப்புப் புத்தகங்களை எடுத்து மேசையில் வைத்துவிட்டேன். விளங்கப்படுத்த உங்களுடையது, எழுத என்னுடையது. அர்ஷாத் இன்னமும் உங்கள் இரண்டாவது புத்தகத்தை முடிக்கவில்லை. மூன்றாவதைத் தொடங்கவிடவில்லை. இதை எல்லாம் கேட்டுவிட்டு மன்னித்துவிட்டேன் என்று நினைத்துக்கொள்ளாதீர்கள். உங்கள்மேல் இருக்கிற கோபத்தை நான் ஒரு சொட்டும் குறைக்கவில்லை, குறைக்கவும் போவதில்லை. அர்ஷாதுக்கும் ஒருநாள் பரீட்சை வரும், அவனுக்குப் பின்னால் மின்ஹாவுக்கும் வரும். அதற்கு முந்திய மூன்று மாதமும் வரும். நான் பொறுப்பு என்றது நீங்கள். எங்கே, வாங்க பார்ப்போம்.